உயிலை எதிர்க்க யாருக்கு உரிமை? டெல்டா பக்கத்து ஒரு குடும்ப கேஸ், ஆரம்பத்துல இருந்து முடிவு வரை

இது நான் வக்கீலா நடத்துன கேஸ். பேர், ஊர் எதுவும் சொல்லல, குடும்பத்துல இன்னும் எல்லாரும் இருக்காங்க. உயில் எழுதுன பெரியவரோட பேத்திகிட்ட கேட்டுட்டுத்தான் எழுதறேன். உயில் தகராறுன்னு ஆபீஸுக்கு வர்றவங்கள்ல பாதி பேர் எதிர்க்க உரிமையே இல்லாதவங்களா இருக்காங்க. நிஜமா உரிமை இருக்கறவங்க அவங்க பின்னாடி ஒரு சேர்ல பேசாம உக்காந்திருப்பாங்க. இந்த கேஸ்லயும் அப்படித்தான் ஆச்சு, அதை நானே முதல்ல கவனிக்கல.

பின்னணி

பெரியவர் 2015 ஜூன்ல இறந்தாரு, வயசு எண்பதுக்கு மேல. கும்பகோணம் பக்கம் ஒரு கிராமம். சொத்துன்னு பாத்தா மூணு. ஒண்ணு நஞ்சை 2 ஏக்கர் 40 சென்ட், வாய்க்கால் பாசனம். ரெண்டாவது அவரே கட்டுன ஓட்டு வீடு, பின்னாடி ஒரு பக்கம் மட்டும் தளம் போட்டது. மூணாவது டவுன் கடைத்தெருவுல ஒரு சின்ன கடை, வாடகைக்கு விட்டிருந்தாரு.

பாட்டி உயிரோட இருந்தாங்க. ரெண்டு மகன், ஒரு மகள். மகளுக்கு 1992ல கல்யாணம் ஆச்சு, 2009ல கேன்சர்ல இறந்துட்டாங்க. அவங்களுக்கு ஒரு பொண்ணு, ஒரு பையன். மூத்த மகன் திருப்பூர்ல வேலை. இளைய மகன் ஊர்லயே கடை வச்சிருந்தாரு, அப்பா அம்மா அவரோட தான் இருந்தாங்க. அவங்களை கடைசி வரைக்கும் பாத்துக்கிட்டது அவரும் அவர் மனைவியும் தான், அதுல யாருக்கும் சந்தேகம் இல்ல, இதை முதல்லயே சொல்லிடறேன்.

பெரியவர் இறந்து பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சப்பறம் இளைய மகன் ஒரு உயிலை எடுத்து வச்சாரு. 2015 பிப்ரவரில எழுதுனது, சப் ரிஜிஸ்ட்ரார் வீட்டுக்கே வந்து பதிவு பண்ணிருக்காரு. மூணு சொத்தும் இளைய மகனுக்கு. மூத்த மகனுக்கு ரெண்டு லட்ச ரூபா இளைய மகன் குடுக்கணும். பாட்டிக்கு ஆயுசு வரைக்கும் வீட்டுல இருந்துக்கற உரிமை. மகளைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. "எனக்கு ஆண் வாரிசுகள் இருவர் தவிர வேறு வாரிசுகள் கிடையாது"ன்னு ஒரு வரி இருந்துச்சு. இறந்து போன மகளையும் அவ பெத்த ரெண்டு பிள்ளைகளையும் அந்த ஒரு வரி அழிச்சுடுச்சு.

தாலுகா ஆபீஸ்ல வாங்குன வாரிசு சர்டிபிகேட்லயும் பாட்டி, ரெண்டு மகன்னு மூணு பேர் தான் இருந்தாங்க. இதைப் பாத்தே நிறைய பேர் "நம்ம பேரு இல்லையே, அப்ப நமக்கு ஒண்ணும் கிடையாது"ன்னு ஒதுங்கிடறாங்க. தாசில்தார் குடுக்கற அந்த பேப்பர் சொத்துல யாருக்கு பங்குன்னு முடிவு பண்ணாது. அதுல பேர் விட்டுப் போனதால உரிமை போயிடாது.

எதிர்க்க வந்தவங்க

முதல்ல வந்தது மாப்பிள்ளை, அதாவது இறந்து போன மகளோட புருஷன். ஐம்பது வயசு இருக்கும், கோபமா இருந்தாரு. "சார், எம்பொண்டாட்டி செத்துட்டாங்கறதுக்காக அவ பொறந்ததே இல்லன்னு எழுதுவாங்களா?"ன்னு கேட்டாரு. கூட பொண்ணு வந்திருந்துச்சு, 22 வயசு, அப்பா பேசி முடிக்கற வரைக்கும் வாயே திறக்கல.

அடுத்த சில வாரத்துல இன்னும் மூணு பேர் வந்தாங்க. பெரியவரோட தம்பி வந்து, கடைத்தெரு கடை 1984ல ரெண்டு பேரும் சேர்ந்து பணம் போட்டு வாங்குனது, பத்திரம் மட்டும் அண்ணன் பேர்ல, அதனால உயில் செல்லாதுன்னாரு. ஊர்க்காரர் ஒருத்தர் பெரியவர் எழுதிக் குடுத்த ப்ரோநோட்டோட வந்தாரு, மூணு லட்சம் பாக்கி, உயிலை உடைச்சா தான் தனக்கு பணம் வரும்னு நினைச்சாரு. மூத்த மகன் போன்ல பேசுனாரு, அவர் ரெண்டு லட்சத்தை வாங்கிக்கிட்டு ரசீதும் எழுதிக் குடுத்துட்டாரு, இப்ப மனசு ஒப்பலைன்னாரு.

இப்ப யார் வந்தாலும் நான் முதல்ல ரெண்டு கேள்வி தான் கேக்கறேன். பெரியவர் உயிலே எழுதாம போயிருந்தா உங்களுக்கு ஏதாவது வந்திருக்குமா? இல்ல, இதுக்கு முன்னாடி அவர் எழுதுன வேற உயில்ல உங்களுக்கு ஏதாவது இருந்துச்சா? ரெண்டுக்குமே இல்லைன்னா அந்த உயிலை எதிர்க்கற தகுதி பொதுவா உங்களுக்கு கிடையாது, எவ்ளோ நெருங்கின சொந்தமா இருந்தாலும் சரி. பிரியம்வதா பிர்லா உயில் கேஸ்ல 2008ல சுப்ரீம் கோர்ட் இதைத்தான் ரொம்ப விரிவா பேசுச்சு. அவ்ளோ பெரிய சொத்து, பிர்லா குடும்பத்துக்காரங்களே எதிர்த்து வந்தாங்க, அப்பவும் அவங்கள்ல சிலருக்கு எதிர்க்கற அளவுக்கு அந்த சொத்துல இன்ட்ரஸ்ட், அதாவது சட்டப்படி சம்பந்தம், இல்லன்னு சொல்லி கோர்ட் அவங்க கேவியட்டை (என்னைக் கேக்காம உயிலை ஏத்துக்கக் கூடாதுங்கற மனு) ஏத்துக்கல. சொத்தே இறந்தவரோடது இல்லன்னு சொல்றவரு உயிலை எதிர்க்கறவரு ஆக மாட்டாரு, அவர் தனியா வழக்கு போட்டுக்கணும்ங்கறதும் அந்த தீர்ப்புல இருக்கு.

இந்த ரெண்டு கேள்வியை வச்சு பாத்தா தம்பிக்கு இடம் இல்ல. இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956ல தம்பி ரெண்டாம் வகுப்பு வாரிசு, மனைவியும் மக்களும் இருக்கறப்ப அவருக்கு எதுவும் வராது. கடைல பணம் போட்டேன்ங்கறது தனி சண்டை. கடன் குடுத்தவருக்கும் உயில் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன, சொத்து யார் கைக்குப் போகுதோ அந்த சொத்துல இருந்து கேக்கலாம், காலக்கெடுக்குள்ள கேக்கணும், அவ்ளோ தான்.

மாப்பிள்ளைக்கு? மனைவி இல்லாத மாப்பிள்ளை மாமனாருக்கு வாரிசு இல்ல. பலர் தப்பா நினைக்கற இடம் இது. முன்னாடியே இறந்து போன மகனோட விதவை முதல் வகுப்பு வாரிசு, ஆனா முன்னாடியே இறந்து போன மகளோட புருஷன் அந்த லிஸ்ட்லயே இல்ல. ஆனா அந்த மகளோட பிள்ளைங்க இருக்காங்க. மகனும் மகளும் எந்த வகுப்போ அதே முதல் வகுப்பு, அம்மாவுக்கு வந்திருக்க வேண்டிய ஒரு பங்கை அவங்க பிரிச்சுக்கலாம். பேசாம உக்காந்திருந்த பொண்ணும் வீட்டுல இருந்த, ஸ்கூல் படிச்சுட்டு இருந்த அவ தம்பியும் தான் இந்த உயிலை எதிர்க்க வேண்டியவங்க. சென்னைல நடந்த ஜி. கோபால் எதிர் சி. பாஸ்கர் கேஸ்லயும் 2008ல சுப்ரீம் கோர்ட், உயில் எழுதுனவரோட பேரப்பிள்ளைங்களுக்கு கேவியட் போட உரிமை உண்டு, சொத்துல லேசான இன்ட்ரஸ்ட் இருந்தாலே போதும்னு சொல்லிருக்கு.

முதல்ல செஞ்ச தப்பு

இதெல்லாம் இப்ப தெளிவா எழுதறேன். அன்னைக்கு நான் பண்ணது வேற. மாப்பிள்ளை கோபமா வந்தாரு, அவரே பார்ட்டின்னு எடுத்துக்கிட்டு அவர் பேர்லயே வக்கீல் நோட்டீஸ் போட்டேன், "என் கட்சிக்காரரின் மாமனார் எழுதியதாகச் சொல்லப்படும் உயில் செல்லாது"ன்னு ஆரம்பிச்சு ரெண்டு பக்கம். எதிர் தரப்புல இருந்து வந்த பதில் நாலே வரி. உங்க கட்சிக்காரருக்கு உயிலை கேள்வி கேக்க எந்த உரிமையும் இல்ல, மேற்கொண்டு பேச ஒண்ணும் இல்லன்னு. அது சரியான பதில்.

மறு நோட்டீஸ் போடாம, பேசிப் பாக்கலாம், ஊர்ப் பெரியவங்க பஞ்சாயத்து பண்றாங்கன்னு அஞ்சு மாசம் போயிடுச்சு. அந்த அஞ்சு மாசத்துல இளைய மகன் நஞ்சைக்கு பட்டாவை தன் பேருக்கு மாத்திட்டாரு. மாப்பிள்ளைக்கும் அவருக்கும் நடுவுல பேச்சு முறிஞ்சு, கோவில்ல பாத்தா கூட முகத்தை திருப்பிக்கற அளவுக்கு போச்சு. பிள்ளைங்க பேர்ல மெதுவா ஆரம்பிச்சிருந்தா மாமன் மருமக உறவாவது மிஞ்சியிருக்கும்னு இன்னைக்கும் எனக்கு தோணும்.

ஆவணங்கள்ல பாத்தது

2016ல பொண்ணு தனியா ஆபீஸுக்கு வந்துச்சு. அன்னைக்கு தான் முதல் தடவையா அது பேசி நான் கேட்டேன். கையில ஒரு மஞ்சப்பை. தாத்தாவோட வருஷ திதிக்கு போனப்ப பாட்டி யாரும் பாக்காத நேரத்துல ட்ரங்க் பெட்டில இருந்து எடுத்துக் குடுத்தாங்களாம், "இதுல உங்கம்மா கல்யாண பத்திரிக்கை இருக்கு, நீ வச்சுக்க"ன்னு. பைக்குள்ள பத்திரிக்கை இருந்துச்சு, பாச்சா உருண்டை வாசனையோட. அதுக்கு அடியில பெரியவரோட கூட்டுறவு வங்கி பாஸ் புக், ஒரு நகைக்கடன் அட்டை, 1972ல எழுதுன பாகப்பிரிவினைப் பத்திரத்தோட நகல்.

நகைக்கடன் அட்டையைப் பாத்தேன். 2015 மார்ச்ல கடனை அடைச்சு நகையை மீட்டிருக்காரு, பெற்றுக்கொண்டேன்னு பக்கத்துல முழு கையெழுத்து. கொஞ்சம் நடுங்கி இருந்துச்சு, கடைசி எழுத்து கோட்டுக்கு கீழ இறங்கிருக்கு, ஆனா கையெழுத்து தான். அதுக்கு மூணு வாரம் முன்னாடி பதிவான உயில்ல இருந்தது இடது கை பெருவிரல் ரேகை. "கை நடுக்கத்தால் கையெழுத்து இட இயலாத காரணத்தால்"னு காரணமும் எழுதிருந்தாங்க. வாழ்நாள் பூரா கையெழுத்து போட்டவரு, பிப்ரவரில போட முடியாம மார்ச்ல போட்டிருக்காரு.

அடுத்து 1972 பத்திரம். பெரியவரும் அவர் தம்பியும் அவங்க தாத்தா காலத்து பூர்வீக நிலத்தை பிரிச்சுக்கிட்ட பத்திரம் அது. அப்ப நஞ்சை பெரியவர் சம்பாதிச்சது இல்ல, பூர்வீகம். இது எல்லாத்தையும் மாத்துச்சு. பூர்வீக கூட்டுக்குடும்பச் சொத்துல மகனுக்கு மாதிரியே மகளுக்கும் பிறப்பால பங்கு உண்டு. தமிழ்நாட்டுல 1989 மார்ச் 25ல இருந்தே, அந்த தேதிக்கு அப்பறம் கல்யாணம் ஆன மகள்களுக்கு இது இருக்கு, இந்தம்மா கல்யாணம் 1992. 2005 மத்திய சட்டத் திருத்தப்படியும் உண்டு, 2005 செப்டம்பர் 9ல அப்பாவும் மகளும் ரெண்டு பேருமே உயிரோட இருந்தாங்க.

அப்படின்னா 240 சென்ட்ல பெரியவருக்கு சொந்தம் 60 சென்ட் தான். மூத்தவருக்கு 60, இளையவருக்கு 60, இறந்து போன மகளுக்கு 60. தன்னோட 60ஐ பெரியவர் யாருக்கு வேணா உயில் எழுதலாம், சட்டம் தடுக்கல. மகளோட 60ஐ அவர் எழுத முடியாது, அது அவரோடது இல்ல. அந்த 60 சென்ட் 2009ல மகள் இறந்தப்பவே அவங்க வாரிசுகளுக்கு போயிடுச்சு. பெண்ணோட சொத்துக்கு வாரிசு யாருன்னு பாத்தா பிள்ளைங்களும் புருஷனும், ஆளுக்கு சமம். ஆக மாப்பிள்ளைக்கு 20 சென்ட்.

உயிலை எதிர்க்க உரிமை இல்லன்னு திருப்பி அனுப்பப்பட்ட அதே ஆளுக்கு, உயில் நிஜமா இருந்தாலும் பொய்யா இருந்தாலும் தொட முடியாத 20 சென்ட் இருந்துச்சு. உயிலை எதிர்க்கறதும் உயிலுக்குள்ள வரவே கூடாத சொத்தை கேக்கறதும் வேற வேற ரெண்டு காரியம். நோட்டீஸ் போடறதுக்கு முன்னாடி நான் கேட்டு வாங்கியிருக்க வேண்டிய பத்திரம் அது.

எடுத்த முடிவுகளும் காரணமும்

2017ல பாகப்பிரிவினை வழக்கு போட்டோம். முதல் வாதி பேத்தி. ரெண்டாவது வாதி பேரன், மைனர், அப்பா அவனுக்கு நெக்ஸ்ட் ஃப்ரெண்டா, அதாவது மைனருக்காக வழக்கு நடத்தறவரா. மூணாவது வாதி மாப்பிள்ளை, நஞ்சை ஐட்டத்துக்கு மட்டும், மனைவி வழி பங்குக்காக. வீடு, கடை ரெண்டுலயும் அவர் எதுவும் கேக்கலன்னு ப்ளைன்ட்லயே (வழக்கு மனுலயே) தெளிவா எழுதுனோம், இல்லாட்டி அந்த நாலு வரி பதில் திரும்ப வரும். மாப்பிள்ளைக்கு இது முதல்ல கஷ்டமா இருந்துச்சு. "அப்ப பையனுக்கு துணைக்கு தான் நானா சார்?"ன்னு கேட்டாரு. ஆமான்னு சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "சரி, அவங்கம்மா இருந்தா அவ தானே வந்து நின்னிருப்பா"ன்னு கையெழுத்து போட்டாரு.

உயில் செல்லாதுன்னு கோர்ட் அறிவிக்கணும்னு தனியா டிக்ளரேஷன் கேக்கணுமான்னு யோசிச்சோம். கேக்க வேண்டாம்னு முடிவு பண்ணோம். உயிலை வச்சு சொத்து கேக்கறவர் தான் அதை நிரூபிக்கணும், நாங்க வாரிசுன்னு காட்டிட்டா போதும். சொத்து சென்னைக்குள்ள இருந்திருந்தா வழி வேற. அப்ப இருந்த சட்டப்படி அங்க ப்ரொபேட் (உயில் உண்மையானதுன்னு கோர்ட் குடுக்கற சான்று) வாங்காம உயிலை வச்சு கோர்ட்ல உரிமை கேக்க முடியாது, அதனால இளைய மகன் ஹைகோர்ட்டுக்கு போயிருக்கணும், நெருங்கின வாரிசுகளுக்கு நோட்டீஸ் போயிருக்கும், நாங்க கேவியட் போட்டதும் அது முழு வழக்காவே மாறியிருக்கும். எங்க ஊர்ல அந்த கட்டாயம் இல்லாததால உயில் நேரா எதிர் வழக்குரைல வந்துச்சு. இது இந்து குடும்பம்ங்கறதால தான் இந்த கணக்கு எல்லாம். முஸ்லிம் குடும்பமா இருந்தா மூணுல ஒரு பங்குக்கு மேல எழுதுன உயில் மத்த வாரிசுங்க சம்மதம் இல்லாம நிக்காது, அங்க பேச்சே வேற மாதிரி போகும்.

பெரியவர் தம்பியை எங்க கூட சேக்கல, அவர் ரொம்ப கேட்டும். அவர் வந்தா கேஸ் கடை யாரோடதுன்னு திசை மாறிடும். மூத்த மகனையும் பாட்டியையும் பிரதிவாதியா போட்டோம், பங்கு கேஸ்ல எல்லா பங்காளியும் இருந்தாகணும். பாட்டியை பிரதிவாதின்னு போட்டது பேத்திக்கு மனசு கேக்கல. சம்மன் போறதுக்கு முன்னாடி நாள் அதுவே பாட்டிகிட்ட போய் சொல்லிட்டு வந்துச்சு.

சந்தேகம்னு என்னென்ன சொல்லலாம்ங்கறதுலயும் கவனமா இருந்தோம். மகள் வழிக்கு எதுவும் குடுக்கலங்கறதை பெருசா எழுதல. வாரிசுக்கு வர வேண்டியதை மாத்தறதுக்கு தானே உயிலே எழுதறாங்க, ஒருத்தரை விட்டதுக்காக மட்டும் எந்த கோர்ட்டும் உயிலை தள்ளாது. 1958ல வெங்கடாசல அய்யங்கார் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் சொன்னது இன்னைக்கும் அடிப்படை, சந்தேகத்துக்கு இடமான சூழ்நிலை இருந்தா அதை உயிலைக் கொண்டு வர்றவர் தான் தீர்த்து வைக்கணும், அதுவும் அவரே முன்ன நின்னு எழுத வச்சு அவருக்கே பெரும்பங்கு வந்திருந்தா இன்னும் கவனமா தீர்த்து வைக்கணும். நாங்க மூணு விஷயத்தை மட்டும் பிடிச்சுக்கிட்டோம். கையெழுத்து போடற ஆளுக்கு கைநாட்டு, வேற வாரிசே இல்லன்னு எழுதுன வரி, பத்திர எழுத்தரை கூட்டிட்டு வந்ததுல இருந்து சாட்சி ஏற்பாடு வரைக்கும் எல்லாம் இளைய மகனே பண்ணது.

விசாரணை

வாய்தா வாய்தாவா போச்சு. 2019ல பேரனுக்கு 18 ஆச்சு, மைனர்ங்கறதை எடுத்துட்டு அவனே வாதியா வந்தான். 2020ல கொரோனா, கோர்ட்டே மாசக்கணக்குல மூடிக் கிடந்துச்சு. அந்த ஆகஸ்ட்ல தான் சுப்ரீம் கோர்ட்டோட வினீதா ஷர்மா தீர்ப்பு வந்து மகளோட பிறப்புரிமைல இருந்த குழப்பம் எல்லாம் தீந்துச்சு, எங்க நஞ்சை வாதத்துக்கு அதுக்கப்பறம் எதிர்ப்பே பெருசா வரல.

கூட்டுறவு வங்கிக்கு சம்மன் அனுப்பி ஒரிஜினல் லெட்ஜரை வரவழைச்சோம். நகை மீட்டப்ப போட்ட கையெழுத்து அதுலயும் இருந்துச்சு, வங்கி செகரட்டரி வந்து, அவர் நேர்ல வந்து போட்டாருன்னு சாட்சி சொன்னாரு.

திருப்பம் வந்தது உயில்ல சாட்சிக் கையெழுத்து போட்டவரோட க்ராஸ்ல, அதாவது குறுக்கு விசாரணைல. உயிலுக்கு ரெண்டு சாட்சி வேணும், எழுதுனவர் கையெழுத்தோ ரேகையோ வைக்கறதை ரெண்டு பேரும் பாத்திருக்கணும், இல்லாட்டி அவரே இவங்ககிட்ட ஆமா நான் தான் வச்சேன்னு ஒத்துக்கிட்டிருக்கணும், ரெண்டு பேரும் அவர் முன்னாடி கையெழுத்து போட்டிருக்கணும். கோர்ட்ல அந்த ரெண்டு பேர்ல ஒருத்தராவது வந்து இதை சொல்லணும், அன்னைக்கு அது சாட்சியச் சட்டம் 68வது பிரிவு, 2024 ஜூலைல இருந்து புது சட்டத்துல 67. வந்தவர் இளைய மகன் கடைல வேலை பாக்கற பையன், இருபத்தஞ்சு இருபத்தாறு வயசு. முதல் விசாரணைல எழுதிக் குடுத்ததை அப்படியே சொன்னான். க்ராஸ்ல நான் உயிலைப் பத்தி கேக்கவே இல்ல, அன்னைக்கு நீ எத்தனை மணிக்கு கடைல இருந்து கிளம்புனன்னு கேட்டேன். மதியம் சாப்பாட்டுக்கு அப்பறம்னான். ரிஜிஸ்ட்ரார் எப்ப வந்தாரு? எனக்கு முன்னாடியே வந்துட்டாருன்னான். நீ உள்ள போறப்ப என்ன பாத்தன்னு கேட்டேன்.

"ரேகை எல்லாம் வச்சு முடிச்சிருந்தாங்க. மைய துடைச்சுட்டு இருந்தாங்க. அண்ணன் இங்க ஒரு கையெழுத்து போடுன்னாரு, போட்டேன்."

"தாத்தா உங்கிட்ட ஏதாவது சொன்னாரா?"

"இல்லீங்க. கண்ணு மூடி படுத்திருந்தாரு."

அந்த பையன் பொய் சொல்ல வரல, மேல வேற கேள்வி கேக்க எனக்கும் தோணல, அதோட உக்காந்துட்டேன்.

ரெண்டாவது சாட்சி பத்திர எழுத்தரோட ஆள், உயிரோட தான் இருந்தாரு, ஆனா அவரை கூப்பிடல. வந்த ஒரு சாட்சியால முழுசா நிரூபிக்க முடியலன்னா இருக்கற இன்னொரு சாட்சியையும் கூப்பிடணும்னு 2002லயே ஜானகி நாராயண் போயிர் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் சொல்லிருக்கு. ரிஜிஸ்டர் ஆன உயில் தானேன்னு எதிர் தரப்பு வக்கீல் வாதாடுனாரு. பதிவு ஆனது ஒரு நல்ல அம்சம் தான், அது மட்டுமே நிரூபணம் ஆகாது.

தீர்ப்பும் அதுக்கு அப்பறமும்

2021ல தீர்ப்பு. உயில் நிரூபிக்கப்படலன்னு சொல்லி யாருக்கு எவ்ளோ பங்குன்னு சொல்ற முதல்நிலை தீர்ப்பாணை குடுத்தாங்க. வீடு, கடை ரெண்டுலயும் பேரன் பேத்திக்கு சேர்ந்து நாலுல ஒரு பங்கு. நஞ்சைல பெரியவரோட 60 சென்ட்டும் நாலா பிரிஞ்சது, பாட்டிக்கு 15, மகன்களுக்கு ஆளுக்கு 15, பேரன் பேத்திக்கு சேர்ந்து 15. அம்மா வழில வந்த 20ஐயும் கூட்டுனா பேத்திக்கு 27.5, பேரனுக்கு 27.5, மாப்பிள்ளைக்கு 20.

இளைய மகன் அப்பீல் போட்டாரு. அப்ப பேத்தி தான் பேச்சுவார்த்தைக்கு போகலாம்னு சொல்லுச்சு. ஜெயிச்ச கேஸை ஏம்மா விட்டுக் குடுக்கறன்னு கேட்டேன். "மாமா தான சார் தாத்தாவை குளிப்பாட்டி விட்டது"ன்னு சொல்லுச்சு. அந்த ஒரு வார்த்தையை இளைய மகன்கிட்ட சமரச ரூம்ல நான் அப்படியே சொன்னேன். அவர் கண்ணு கலங்கிடுச்சு. மகள் பேரை எழுத வேணாம்னு யார் சொன்னதுன்னு அப்பவும் அவர் சொல்லல, நாங்களும் கேக்கல.

2022ல லோக் அதாலத்ல (மக்கள் நீதிமன்றத்துல) சமரசமா முடிஞ்சது. வீடு இளைய மகனுக்கு, பாட்டி அதே வீட்டுல. கடை பேத்திக்கும் பேரனுக்கும், அதுக்கு பதிலா வீட்டுல இருந்த பங்கையும் நஞ்சைல தாத்தா வழி 15 சென்ட்டையும் விட்டுக் குடுத்தாங்க. அம்மாவோட 60 சென்ட் மூணு பேருக்கும் சேர்த்து வாய்க்கால் ஓரமா ஒரே துண்டா அளந்து குடுத்தாங்க. மூத்தவருக்கு வீடு, கடை பங்குக்கு பணம், முன்னாடி வாங்குன ரெண்டு லட்சத்தை கழிச்சுக்கிட்டு. உயில்படி பணம் வாங்கிட்டவர் அப்பறம் உயிலை எதிர்க்கலாமாங்கற கேள்விக்கு அதனால இந்த கேஸ்ல கோர்ட் பதில் சொல்ல வேண்டி வரல, வந்திருந்தா அவர் ரொம்ப சிரமப்பட்டிருப்பாரு. பாட்டி மட்டும் தன்னோட 15 சென்ட்டை யாருக்கும் எழுதித் தர மாட்டேன், என் பேர்லயே இருக்கட்டும்னு சொல்லிட்டாங்க. அதாலத் அவார்டுக்கு மேல அப்பீல் கிடையாது, கட்டுன கோர்ட் ஃபீஸும் திரும்பி வந்துச்சு.

இப்ப வந்தா என்ன மாத்துவேன்

யார் பேர்ல நோட்டீஸ்ங்கறது முதல் நாளே முடிவாகணும். இப்ப எங்க ஆபீஸ்ல உயில் கேஸ்னு வந்தா, உயிலைப் பாக்கறதுக்கு முன்னாடி ஒரு வெள்ளைப் பேப்பர்ல குடும்ப மரம் வரைய சொல்றோம், செத்துப் போனவங்களையும் சேர்த்து, இறந்த வருஷத்தோட. யாரை விட்டாங்கன்னு அதுலயே தெரிஞ்சுடும். ரெண்டாவது கல்யாணத்துல பொறந்த பிள்ளைங்க இருந்தாலும் வரைய சொல்றோம், அந்த கல்யாணமே செல்லாட்டியும் அப்பா சொந்தமா சம்பாதிச்சதுல அவங்களுக்கு பங்கு உண்டு, அவங்க அம்மாவுக்கு தான் கிடையாது.

அடுத்தது, ஒவ்வொரு சொத்துக்கும் மூலப் பத்திரம். 1972 பத்திரத்தை முதல் வாரமே கேட்டிருந்தா மாப்பிள்ளையை வெறும் கையோட அனுப்பி அவமானப்படுத்த விட்டிருக்க மாட்டேன். அது மஞ்சப்பைல வந்து சேந்தது எங்க அதிர்ஷ்டம், ஆனா ரிஜிஸ்டர் ஆபீஸ்ல மனு போட்டா நகல் கிடைச்சிருக்கும். வங்கி ஆவணத்துக்கும் அப்படித்தான், லெட்ஜரை அழிச்சிருந்தா அந்த மார்ச் மாசத்து கையெழுத்துக்கு அட்டை மட்டும் தான் மிஞ்சியிருக்கும்.

பட்டா மாறினதை அஞ்சு மாசம் கழிச்சு தெரிஞ்சுக்கிட்டதும் தப்பு. உயில் தகராறு இருக்குன்னு தாலுகா ஆபீஸ்ல முதல் வாரமே எழுத்துல ஆட்சேபணை குடுத்திருக்கணும், அதை அந்த பொண்ணே குடுத்திருக்கலாம், அதுக்கு வக்கீல் கூட தேவையில்ல. இப்ப அது தன் தம்பியோட சேர்ந்து கடை வாடகையை மாசா மாசம் வாங்குது, அதுல ஒரு பகுதியை பாட்டி மருந்துக்குன்னு மாமா கையில குடுத்துட்டு வர்றதா போன தடவை வந்தப்ப சொல்லுச்சு.